உங்கள் மகளும் இரசாயனப் பேராசிரியையாகலாம்



மீன் ஆணத்தில் போடும் கொறுக்காய்க்குப் புளிப்பு எங்கிருந்து வந்தது? கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் சிரட்டையில் வடியும் இறப்பர் பால், சிறிது அமிலம் ஊற்றியதும் ஏன் உறைகிறது? இவற்றுக்கு விடை தருவதுதான் சேதன இரசாயனம்; அதாவது காபன் சேர்வைகளைப் பற்றிய படிப்பு.

உயர்தர வகுப்பில் பிள்ளைகள் மிகவும் அஞ்சும் பகுதியும் இதுதான். "இத்தனை தாக்கங்களையும் எப்படிப் பாடமாக்குவது?" என்று கலங்குகிறார்கள். காரணத்தை விளங்கவைத்து அந்த அச்சத்தைப் போக்குவதே பல்கலைக்கழக ஆசிரியரின் முதல் வேலை.

இறப்பர் பாலையே பாருங்கள். அதில் மிதக்கும் துணிக்கைகளைச் சுற்றிப் புரதப் படலம் உண்டு. அதிலுள்ள மறை ஏற்றத்தால் அவை ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. போமிக் அமிலம் அந்த ஏற்றத்தை இல்லாமற் செய்ததும் ஒட்டிக்கொள்கின்றன. தாக்கங்களும் அப்படித்தான். இலத்திரன் மிகுந்த இடம், குறைந்த இடத்தை நாடுகிறது. அந்த ஓட்டத்தை வளைந்த அம்புக்குறியால் காட்டும் முறையை 1922 இல் ரொபர்ட் ரொபின்சன் கையாண்டார். இன்றும் விரிவுரை மண்டபங்களில் அதுவே வழி.

முன்னோடிகள் இருவர்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்த எம். உவைஸ் எஸ். சுல்தான்பாவா நம்மவர். நம் நாட்டு மரங்களே அவருடைய ஆய்வுப்பொருள். கொறுக்காய் சேர்ந்த தாவரக் குடும்பத்து மரங்களில் சாந்தோன் என்னும் சேர்வைகளை அவரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். வெப்பமண்டலத் தாவரங்களின் சாந்தோன்கள் பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரை 1980 இல் 'டெட்ராஹீட்ரன்' என்ற சர்வதேச சஞ்சிகையில் வெளிவந்தது.

"பெண்பிள்ளைக்கு இது சரிவருமா?" என்று கேட்பவர்களுக்குக் கல்கத்தாவின் அசீமா சட்டர்ஜியே பதில். முஸ்லிம் பெண்களின் உயர்கல்வியை முதன்மையாகக் கருதி 1939 இல் தொடங்கப்பட்ட லேடி பிரேபோர்ன் கல்லூரியில், 1940 இல் இரசாயனத் துறையை ஆரம்பித்து நடத்தியவர் அவர். 1944 இல் இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். நித்தியகல்யாணிச் செடியின் அற்கலோயிட்டுகளை ஆராய்ந்தபடியே, 1954 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

பாதை எப்படி?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவிலும் பௌதிக விஞ்ஞானப் பிரிவிலும் இரசாயனம் உண்டு. பல்கலைக்கழகத்தில் அதை நான்காண்டுச் சிறப்புப் பாடமாகக் கற்று உயர்ந்த வகுப்பில் சித்தியடைந்தால், தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்தது தகுதிகாண் விரிவுரையாளர். பட்டப்பின் படிப்பை முடித்து, ஆய்வும் செய்துவந்தால் சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் எனப் படிகள் உயரும்.

தமிழில் உயர்தரம் கற்ற பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்க வேண்டிவரும். முதலாண்டில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆகவே உயர்தர வகுப்பிலேயே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து எழுதிப் பழகட்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. தோட்டப்புறங்களில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் குறைவு. நகரத்துக்கு அனுப்பத் தயங்கிப் பிள்ளையை வேறு பிரிவில் சேர்த்துவிடுகிறோம். சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் வீட்டில் எடுக்கப்படும் அந்த முடிவோடு பல கனவுகள் முடிந்துபோகின்றன.

சகோதரிகளே, முடிவெடுக்குமுன் ஒரு கணம் பொறுங்கள். போக்குவரத்தையும் விடுதியையும் பற்றி விசாரியுங்கள். வாப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். விருப்பமும் திறமையும் உள்ள மகளுக்குத் தூரம் ஒரு தடையாக வேண்டாம்.