பச்சை குத்தியவர் ரத்தம் கொடுக்கலாமா?

தாயாருக்கு ஆபரேஷன். ரத்தம் வேண்டும். மகன் ரத்த வங்கிக்கு ஓடி வருகிறார். 24 வயது வாலிபர். நோய் நொடி இல்லாத உடம்பு.

சட்டைக் கையை மடித்துவிட்டு அமர்கிறார். கையில் "அம்மா" என்று பச்சை!

"இது எப்போது குத்தியது, தம்பி?" என்று கேட்கிறார் டாக்டர்.

"மூன்று மாதம் இருக்கும்."

"அப்படியானால் இப்போது உங்கள் ரத்தம் வேண்டாம்."

வாலிபர் திடுக்கிடுகிறார். ரத்த வங்கிகளில் இப்படி நடப்பது உண்டு.

ஏன் இந்தத் தடை?

ஒருவருக்குக் குத்திய ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குக் குத்தினால், கிருமியும் கூடவே போகும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் நோய்கள் இப்படிப் பரவும். எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். காது, மூக்குக் குத்தும் ஊசியிலும் இதே ஆபத்து உண்டு.

"கொடுத்த ரத்தத்தைச் சோதிக்கிறார்களே!" என்று கேட்கலாம். சோதிப்பது உண்மைதான். ஆனால், கிருமி புகுந்தவுடன் சோதனையில் அகப்படாது. சில வாரங்கள் ஒளிந்திருக்கும். சில சமயம் மாதக் கணக்கிலும் இருக்கும். அந்த நாட்களில் எடுக்கும் ரத்தம் நல்ல ரத்தம் போலவே தோன்றும். ஏற்றிக்கொண்ட நோயாளிக்கோ நோய் வந்துவிடும்!

எத்தனை நாள்?

இந்திய விதிப்படி, பச்சை குத்தினாலும் காது, மூக்குக் குத்தினாலும் 12 மாதம் பொறுக்க வேண்டும். பிரிட்டனில் 4 மாதம். அமெரிக்காவில் 12 மாதமாக இருந்ததை 2020-ல் 3 மாதமாகக் குறைத்தார்கள்.

குழந்தையில் காது குத்தியவர்களுக்குத் தடை இல்லை. பழைய பச்சைக்கும் தடை இல்லை. ஓராண்டு கடந்தால் போதும். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் ரத்தம் கொடுக்கலாம்.

பச்சை குத்த ஆசையா? உறையைக் கண்ணெதிரே பிரித்துப் புது ஊசி எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கும் எண்ணம் இருந்தால், முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு குத்திக்கொள்ளுங்கள்.

அந்த வாலிபர் என்ன செய்யலாம்? நண்பரை அழைத்து வரலாம். நண்பர் ரத்தம் கொடுப்பார். தாயாருக்குச் சேரும் ரத்தத்தை ரத்த வங்கி கொடுக்கும்.

முழுக்கைச் சட்டைக்குள் பச்சையை மறைத்து ரத்தம் கொடுப்பதுதான் கூடாது. அது யாரோ ஒருவருடைய அம்மாவின் உடம்பில் ஏறப்போகும் ரத்தம்!