துதியும் வசையும்

மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவையில் இறைவனைப் போற்றிய சொற்களுள் ‘அலி’ என்பதும் ஒன்று. ஆதலின் அச்சொல்லை மக்கள்மீது வழங்குதல் குற்றமன்று என்பார் சிலர். அது பொருந்தாது. பாட்டில் துதியாய் நின்ற சொல், பின்னாளில் தெருவில் வசையாயிற்று. அவ்வசையால் நொந்தோர் ‘திருநங்கை’ எனும் பெயரை உவந்து ஏற்றனர். ‘மூன்றாம் பாலினத்தவர்’ எனும் வழக்கோ, முதலும் இரண்டும் யாவர் எனும் வினாவை எழுப்புகிறது. தொல்காப்பியரும் இத்தகையோரை உயர்திணையிலேயே வைத்தார். தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. எனவே, அன்பர்களே! திருவெம்பாவை ஓதுங்கால் சொல்லை மாற்றுதல் வேண்டா. சந்நிதியில் உடன் நிற்பாரை அழைக்குங்கால் அவர் விரும்பும் பெயராலேயே அழைப்போமாக. அடியார் மனம் நோவ அழைத்துவிட்டு ஆண்டவனைத் துதித்தல் நமக்கு முறையன்று.