இளவட்டக்கல்லும் 82 வயசுப் பாட்டியும்

பாரம் தூக்குவது வாலிபப் பிள்ளைகள் வேலை என்பது நம்ம தெற்கத்திப் பக்கம் கல்லின் பேரிலேயே இருக்கிறது. இளவட்டக்கல். அதைத் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்னால் போட்டவனுக்குத்தான் பொண்ணு என்று கதை சொல்லுவார்கள். வயசானவர்களுக்கு அங்கே திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

2024-ல் கோவையில் நடந்த ஒரு வலுதூக்கும் போட்டியில், பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் என்ற 82 வயசுப் பாட்டி டெட்லிஃப்டில் 50 கிலோ தூக்கினார். பெண்கள் பிரிவில் ஐந்தாம் இடம். அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் என்று சுமந்து பழகியவர்தான். ஆனாலும் அவருக்கு இந்த ஆசை வந்தது, உடற்பயிற்சி செய்யும் பேரன்களைப் பார்த்து.

வயசானவர்கள் எதற்காக இந்தப் பயிற்சிக்கு வருகிறார்கள்? ஆஸ்திரேலியாவின் எலிசா பர்ட்டன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடங்கிப் போகக்கூடாது, கீழே விழக்கூடாது என்பவை முக்கியக் காரணங்கள். தடுப்பவை என்ன? மாரடைப்பு வந்துரும் என்ற பயம் (அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்கள்). இன்னொன்று, உடம்பு முறுக்கேறி ஒரு மாதிரி தெரியுமோ என்ற கூச்சம்!

முதல் காரணத்தை கோவில்பட்டிப் பக்கம் எந்த ஆச்சியிடம் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "கிடையில விழுந்துரக் கூடாதுப்பா." சாவைவிட, கக்கூஸுக்குப் போக இன்னொரு ஆள் கை வேணும் என்பதுதான் பயம். பயம் இருக்கிறது, ஆனால் அதற்கு மருந்து தொடைத் தசையில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டாக்டர்கள்கூட "தினம் நடங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

"காடு கரைன்னு உழைச்ச உடம்பு, எங்களுக்கு எதுக்கு?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உலக்கை பிடித்துக் கம்பு இடித்த காலத்தில் உடம்புக்குப் பாரம் இருந்தது. இப்போது மிக்ஸி, கிரைண்டர். தீப்பெட்டி ஆபீஸிலோ நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. விரலுக்கு வேலை உண்டு, தொடைக்குக் கிடையாது. அன்றைக்கு உழைத்தது இன்றைக்கு வட்டியாக வராது. தசை அந்த மாதிரி பேங்க் இல்லை.

வயசாக ஆகத் தசை கரைவதற்கு 1989-ல் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பேர் வைத்தார். மறு வருஷமே, 1990-ல், மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயசை ஒட்டிய பத்துப் பேருக்குத் தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்த ஆய்வை வெளியிட்டார். 8 வாரம். அதை முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தசையின் அளவு கூடியது வெறும் 9 சதவீதம். தசை கொஞ்சம் வளர, பலம் இவ்வளவு ஏறியதற்குக் காரணம், தூங்கிக் கிடந்த தசையை நரம்பு மறுபடி வேலை வாங்கப் பழகுவதுதான். இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். எனக்கு 174-ஐவிட இதுதான் பெரிய எண்.

பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில் கணிசமான பலம் இறங்கியதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் ஆரம்பிக்க வைத்த பயம் மட்டும் போதாது, தொடர்ந்து செய்ய ஆள் துணை வேண்டும் என்று நினைக்கிறேன். கிட்டம்மாளுக்குப் பேரன்கள் கூட இருந்தார்கள். இங்கே பல வீட்டில் பேரன்கள் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 65 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்திருப்பதில் தொடங்கலாம். லேசாகிவிட்டால் கையில் ஆளுக்கொரு தண்ணி பாட்டில். பிரஷர், மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் திண்ணையில் கூடும் நாலு பேரும் சேர்ந்தே செய்யலாம். எப்படியும் அங்கே உட்கார்ந்து எழுந்திருக்கத்தானே வேண்டும்.