வாயில்லாத அம்மாவுக்கு ஏழு கால்

சம்பந்தியம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். மைதா, தண்ணீர், உப்பு. உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டதும் எனக்குப் பதறிவிட்டது. தின்பதற்கில்லை என்று கை காட்டினார். தேய்த்த மாவிலிருந்து ஒரு பெண்ணுருவம் எழுந்தது. தலையில் சிலுவை, மார்பின் மேல் கட்டிய கைகள், நீளப் பாவாடை. முகத்தில் வாய் கிடையாது. பாவாடைக்குக் கீழே ஏழு கால்.

மெல்பர்னில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் கிரேக்கப் பெண். ஐந்து வயதுப் பேரனுக்கு இரண்டு பாட்டிகள். ஒருத்தி, திருவையாறு பக்கம் ஊராட்சிப் பள்ளியில் 31 வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்த நான். இன்னொருவர், தையல் ஆலையில் உழைத்து ஓய்ந்த சம்பந்தியம்மா. நான் அ, ஆ எழுதிவைத்த நோட்டைக் கண்டாலே பேரன் கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவான். அவரிடம் மட்டும் கிரேக்கத்தில் வாயாடினான். பொறாமைதான். அந்தப் பொறாமையில்தான் அவர் என்ன செய்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

மாவுப் பெண்ணின் பெயர் கிரா சரகொஸ்தி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின் நாட்காட்டி அவள். நோன்பிருப்பதால் வாயில்லை, பிரார்த்தனையில் இருப்பதால் கைகட்டி நிற்கிறாள். ஏழு வாரத்துக்கு ஏழு கால், சனிக்கிழமைக்கு ஒன்றாக எடுக்கவேண்டும். காகிதத்தில் வெட்டிச் செய்பவர்களும் உண்டு.

காலை ஒடிப்பதில் பேரனுக்கு அப்படியொரு ஆசை. ஆனால் சம்பந்தியம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: முதலில் எண்ணு. ஏனா, தியோ, த்ரீயா, தெஸெரா, பெந்தே, எக்ஸி, எஃப்தா. தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. ஒடித்த பிறகு, மிச்சம் எத்தனை? எக்ஸி. அடுத்த வாரம் பெந்தே. கழித்தல் கணக்கு என்ற பெயரே சொல்லாமல் கழித்தலையும் கற்றுக்கொடுத்தாயிற்று. நானும் கூடவே எண்ணினேன். ‘தியோ’வில் வருவது நம் ‘பாதி’யில் வரும் மெல்லிய ‘தி’. தமிழ் நாக்குக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

என்னைத் திணறவைத்தது வேறு இரண்டு சொற்கள். ‘ஆமாம்’ என்பதற்கு ‘நே’, ‘இல்லை’ என்பதற்கு ‘ஓஹி’. ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைக்கு ‘நே’ என்றால் ‘நோ’ போலவும், ‘ஓஹி’ என்றால் ‘ஓகே’ போலவும் கேட்கும். போதாக்குறைக்கு, இல்லை என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டாமல், மோவாயை மேலே தூக்கி ‘ச்’ கொட்டுவார்கள். முதல் வாரம், சம்பந்தியம்மாவிடம் காபி வேண்டுமா என்று கேட்டேன். ஏதோ யோசனையில் அவர் ‘நே’ என்றார். நான் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இந்தக் குழப்பத்தையே அவர் விளையாட்டாக்கியிருந்தார். ஒரு துணிப்பைக்குள் எலுமிச்சம்பழம், சாவி, கரண்டி, முட்டை. பேரன் கையை விட்டுத் தடவுவான். “லெமோனி?” என்பார். ஓஹி. “க்லிதி?” நே! சரியாகச் சொன்னால்தான் பொருள் வெளியே வரும். ஒரு தடவை முட்டை உடைந்தது. முட்டைக்குக் கிரேக்கத்தில் ‘அவ்கோ’ என்பது அதற்குப் பிறகு எனக்கே மறக்கவில்லை.

பேரனின் சனிக்கிழமை கிரேக்க வகுப்புக்கும் ஒரு நாள் கூடப் போனேன். மெல்பர்ன் கிரேக்கச் சமூக அமைப்பு 1897-லேயே தொடங்கியது. ஆனால் 1952-ல் ஆஸ்திரேலியாவும் கிரீஸும் குடியேற்ற ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். சம்பந்தியம்மா குடும்பமும் அப்படி வந்ததே. பேரப்பிள்ளைகளோடு மொழி நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில்தான் இந்த வகுப்புகள் நடக்கின்றன. பயந்தவர்கள் நடத்துவது போலத் தெரியவில்லை, அவ்வளவு கூச்சல்.

கிரேக்கத்தில் 24 எழுத்து. சில நம்மை ஏமாற்றும். ஆங்கில எச் மாதிரி நிற்பது ‘ஈ’ என்று ஒலிக்கும். எக்ஸ் மாதிரி இருப்பது ‘ஹ’. பேரன் இவற்றைத் திருட்டு எழுத்து என்பான். ‘ஸ்’ ஒலிக்குரிய சிக்மா இன்னும் வேடிக்கை. சொல்லின் நடுவில் வந்தால் ஒரு வடிவம், கடைசியில் வந்தால் வால் தொங்கும் வேறொரு வடிவம். இதை அந்த ஆசிரியை கரும்பலகையில் எழுதவேயில்லை. ஐந்து பிள்ளைகளை ஆளுக்கொரு எழுத்தட்டையோடு வரிசையாக நிறுத்தினார். நீகோஸ் என்ற பெயர் வந்தது. கடைசிப் பையனுக்கு இடுப்பில் ஒரு துணிவால்.

“நீகோஸ் எங்கே?” வரிசை அப்படியே நின்றது. “இப்போது அவனைக் கூப்பிடுங்கள்!” எல்லாரும் “நீகோ!” என்று கத்த, வால் பையன் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டான். கிரேக்கத்தில் இப்படிப்பட்ட ஆண் பெயர் எழுவாயாக நிற்கும்போது வரும் ‘ஸ்’, அவனையே கூப்பிடும்போது உதிர்ந்துவிடும். நமக்கு முருகன் முருகாவாவது போல. எட்டாம் வேற்றுமை என்று பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னதை, அங்கே ஒரு துணிவாலில் முடித்துவிட்டார்கள். கொஞ்சம் வயிறெரிந்தது.

வெளியே மைதானத்தில் கூட்ஸோ. கட்டம் போட்டு ஒற்றைக் காலில் தாண்டுவது. கூட்ஸோஸ் என்றால் நொண்டி, நம் விளையாட்டுக்கும் அதே பெயர்தான்! இன்னொன்று சிலை விளையாட்டு. பிடிப்பவள் கண்ணை மூடிக்கொண்டு பகலா இரவா என்று கேட்பாள். தயாராகாதவரை இரவு என்பார்கள். பகல் என்றதும் அவள் கண்ணைத் திறக்க, எல்லாரும் சிலை. அகூநிதா, அமிலிதா, அயேலஸ்தா: அசையாமல், பேசாமல், சிரிக்காமல். மூன்றிலும் முன்னால் நிற்கும் ‘அ’, ‘இல்லை’ என்கிறது. நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘அசுத்தம்’, ‘அநீதி’யில் வரும் ‘அ’ செய்யும் அதே வேலை. சிரித்தவன் வெளியே. இலக்கணம் உள்ளே.

வீட்டில் எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது பெந்தோவொலா. ஐந்து கூழாங்கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது. முதல் கல் மேலே போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அஞ்சாங்கல்! சம்பந்தியம்மா கை நடுங்காமல் ஆடினார். நான் ஐம்பது வருஷம் கழித்து ஆடினேன், தோற்றேன். யார் பிடித்தாலும் எண்ணிக்கை சொல்லும் பொறுப்பு பேரனுடையது. அவருக்குக் கிரேக்கத்தில், எனக்குத் தமிழில். நான் திணிக்காமலே ஒன்று, இரண்டு சொன்னான். நோட்டு கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனிக்கிழமையன்று கடைசிக் காலை ஓர் உலர்ந்த அத்திப்பழத்துக்குள் ஒளித்துவைத்தார் சம்பந்தியம்மா. அது யாருக்குக் கிடைக்கிறதோ அவர்களுக்கு அதிர்ஷ்டமாம். தட்டு சுற்றி வந்தது. நான் எடுத்துக் கடித்த பழத்தில் பல் நறுக்கென்றது. வாயெல்லாம் உப்பு.

நன்றாயிருக்கிறதா என்று பேரன் கிரேக்கத்தில் கேட்டான். வாய் நிறைய மாவோடு, என்னையறியாமல் மோவாயை மேலே தூக்கி ‘ச்’ கொட்டினேன்.