கோச் மாறியும் கோல் விழலையே! கொதிக்கும் கால்பந்து ரசிகர்கள்

இந்திய கால்பந்து அணி தோற்றால் ரசிகர்கள் முதலில் திட்டுவது கோச்சைத்தான். ஏன் இந்தக் கோபம்?

2023-ல் தெற்காசிய கோப்பையை வென்று தந்த குரோஷியா கோச் இகோர் ஸ்டிமாச்சை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆனால் 2024 ஜனவரியில் ஆசிய கோப்பையில் 3 ஆட்டத்திலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை.

மார்ச் 26-ந்தேதி கவுகாத்தியில், தரவரிசையில் 158-வது இடத்தில் இருந்த ஆப்கானிஸ்தானிடம் 1-2 என உதை வாங்கியது இந்தியா. அது கேப்டன் சுனில் சேத்ரியின் 150-வது ஆட்டம். அந்த ஒரு கோலும் அவர் அடித்ததுதான். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஜூனில் உலக கோப்பை தகுதிச்சுற்றில் இந்தியா வெளியேற, ஸ்டிமாச் நீக்கப்பட்டார்.

அடுத்து வந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்வெஸ் 8 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தார். 2025 ஜூலையில் அவரும் மூட்டை கட்டினார். பிறகு காலித் ஜமில் வந்தார். அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்றதில், 2027 ஆசிய கோப்பை வாய்ப்பும் போச்சு.

அப்படின்னா கோளாறு எங்கே? ஐ.எஸ்.எல். போட்டியில் பெரும்பாலான அணிகள் கோல் அடிக்கும் இடத்தில் வெளிநாட்டு வீரர்களையே இறக்குகின்றன. நம்ம பசங்க ஓரத்தில் ஆடுகிறார்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்காருகிறார்கள். அதனால்தான் 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை, 40 வயதில் 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது.

கோச்சைத் திட்டுவதில் நியாயம் உண்டு. ஆனா பந்தை வலைக்குள் தள்ள ஆள் தயாராகாத வரை, யார் வந்தாலும் இதே கதைதான்.