"இன்னும் கொஞ்சம் கூட அடியுங்கள்": சிலிண்டரின் அமுக்கமும் சுழியோடியின் உயிரும்

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து கரையோரங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் கடற்றொழிலுக்குக் கூலியாகச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் சிலிண்டர் பூட்டிக் கடலட்டையும் சங்கும் எடுக்கச் சுழியோடுகின்றனர். கற்பிட்டி, மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் இது பலருக்கும் தெரிந்த தொழில். விவசாயக் குடும்பத்துக்கோ இது புதிது. நெல்லுக்கு எவ்வளவு நீர், மிளகாய்க்கு எவ்வளவு உரம் என்பதை அறிந்த பெற்றோர், மகன் முதுகில் சுமந்து செல்லும் சிலிண்டரைப் பற்றி அறியாதிருக்கின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

காற்று நிரப்பும் இடங்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை "இன்னும் கொஞ்சம் கூட அடியுங்கள்" என்பது. சிலிண்டரில் குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் நிரப்பினால் கூடுதல் நேரம் கடலடியில் நிற்கலாம், கூடுதல் அட்டை எடுக்கலாம் என்பது எண்ணம். இதில் கிடைக்கும் இலாபம் எவ்வளவு, கொடுக்கும் விலை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

பலர் இதனை "ஒட்சிசன் சிலிண்டர்" என்கின்றனர். அது தவறு. அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றே. தூய ஒட்சிசனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு ஏற்பட்டு உயிர் போகும்.

உலகெங்கும் அதிகம் பயன்படும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லீற்றர். அதன் வேலை அமுக்கம் 207 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல். கார் டயரில் உள்ள அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு. இவ்வாறு நிரப்பினால் ஏறக்குறைய 2200 லீற்றர் காற்று அதற்குள் அடங்கும்.

மூன்று நிமிட இலாபம்

வேலை செய்யும் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 லீற்றர் காற்றை உபயோகிப்பதாகக் கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஒரு மடங்கு கூடுகிறது. ஆகவே 20 மீற்றரில் அவருக்கு 75 லீற்றரும், 30 மீற்றரில் 100 லீற்றரும் வேண்டும்.

207 பாருக்குப் பதிலாக 230 பார் நிரப்பினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 250 லீற்றர். 20 மீற்றரில் அது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். 30 மீற்றரில் இரண்டரை நிமிடம். இவ்வளவுதான் இலாபம்.

ஆழத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே விரைந்து வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல அது குமிழ்களாகப் பொங்கும். மூட்டுவலி, விறைப்பு, கால் வழங்காமை, சிறுநீர் போகாமை, நிரந்தர முடம், மரணம் என்பன இதன் விளைவுகள். பொழுதுபோக்குச் சுழியோடிகளின் அட்டவணைகளில் 30 மீற்றரில் தரித்து நிற்காமல் மேலே வரக்கூடிய நேரம் ஏறத்தாழ 20 நிமிடம் மட்டுமே. அதுவும் நாளின் முதற் சிலிண்டருக்கு. முறையாக நிரப்பிய ஒரு சிலிண்டரே அந்த எல்லையைத் தாண்டப் போதும். ஆகவே கூட அடித்த காற்று, எல்லை கடந்த நிமிடங்களிலேயே செலவாகிறது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டருடன் இறங்குபவருக்கு ஆபத்து இன்னும் பெரிது.

"குறைத்து அடித்து ஏமாற்றுகிறார்கள்"

கூட அடிக்கக் கேட்பவர்களிடம் நியாயமான ஒரு குறையும் உண்டு. கடையில் மானி 207 காட்டியது, கடலுக்குப் போனதும் 190 தான் காட்டுகிறது என்பார்கள். இது பெரும்பாலும் களவன்று. காற்றை விரைவாக நெருக்கும்போது சிலிண்டர் சூடாகிறது. 55 பாகையில் 207 பார் காட்டியது, 28 பாகைக்கு ஆறியதும் 190 ஆகக் குறையும்.

இதற்குப் பரிகாரம் முதலிலேயே 230 அடிப்பதன்று. மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, மீண்டும் 207 வரை நிரப்புவதே. இதனைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. ஒரு மணித்தியாலம் தாமதமாகலாம். ஆனால் முழுச் சிலிண்டர் கிடைக்கும்.

வெயிலில் இதன் மறுபுறத்தைக் காணலாம். குளிர்ந்த நிலையில் 230 பார் உள்ள சிலிண்டர், வெயிலில் காய்ந்து 55 பாகையானால் 250 பாரைத் தொடும்.

"345 தாங்கும் என்றால் 250 தாங்காதா?"

207 பார் அலுமினியச் சிலிண்டரை 345 பாரில் சோதிப்பது உண்மை. ஆனால் அச்சோதனை நீரை நிரப்பிச் செய்யப்படுவது. நீர் நெருங்காது, ஆகவே சிலிண்டர் உடைந்தாலும் பெரிதாக வெடிக்காது. காற்று நிரம்பிய சிலிண்டர் உடைந்தால் அது குண்டுக்குச் சமம். சோதனை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, நிரப்புவதோ நாள்தோறும். கம்பியை வளைத்து வளைத்து முறிப்பது போல, ஒவ்வொரு நிரப்பலும் அலுமினியத்தைச் சிறிது களைப்படையச் செய்கிறது. கூட அடித்தால் களைப்பும் கூடும்.

அமெரிக்காவின் வட புளோரிடாவில் நீர்க்குகைகளுக்குள் செல்வோர், 2400 இறாத்தல் குறிக்கப்பட்ட உருக்குச் சிலிண்டர்களை 3000க்கு மேலும் நிரப்பி வருவது நெடுங்காலப் பழக்கம். அங்கும் சில கடைகள் இதனைச் செய்யும், சில மறுக்கும். அந்நாட்டு விதி, "கூட்டல்" அடையாளம் உள்ள உருக்குச் சிலிண்டருக்கு 10 வீதம் மட்டுமே கூட அனுமதிக்கிறது. குகைச் சுழியோடி அவ்வாறு நிரப்புவதும் திரும்பி வரும் வழிக்கான சேமிப்புக் காற்றுக்காகவே. உருக்கின் வழக்கத்தை அலுமினியத்துக்குப் பொருத்துவது அறியாமை.

கைமாறி வரும் பழைய சிலிண்டர்களில் மேலும் கவனம் தேவை. 1980களின் இறுதி வரை 6351 என்னும் கலப்புலோகத்தில் செய்யப்பட்ட அலுமினியச் சிலிண்டர்கள் சிலவற்றில் கழுத்துப் பகுதியில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது.

வீட்டிலிருந்தே கேட்க வேண்டியவை

முற்பணம் வாங்கும் முன்னர் பெற்றோரும் பிள்ளையும் சம்மாட்டியிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. சிலிண்டரின் தோளில் என்ன பொறிக்கப்பட்டுள்ளது? ஐரோப்பிய வகையில் "பி.டபிள்யூ." என்பது வேலை அமுக்கம், "பி.டி." அல்லது "பி.எச்." என்பது சோதனை அமுக்கம். இரண்டாவதைப் பார்த்து நிரப்பினால் அழிவு.

2. கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த ஆண்டு எது? அமெரிக்காவில் இது 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை. உட்புறத்தை ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம்.

3. கொம்பிரசர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது? எஞ்சின் புகைக்கு அருகிலாயின் காபனோரொட்சைட்டு உள்ளே போகும். மேற்பரப்பில் தலையிடி தரும் அளவு, ஆழத்தில் மயக்கம் தரும்.

4. எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், நாளுக்கு எத்தனை சிலிண்டர்? 50 பார் மீதமிருக்க மேலே வர அனுமதி உண்டா? வெறுமையான சிலிண்டருக்குள் உப்புநீர் புகுந்து அரிக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

5. தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? யார் பயிற்சி கொடுத்தது?

மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் வரவேண்டும். 5 மீற்றரில் மூன்று நிமிடமாவது தரித்து நிற்பது நல்லது.

மேலே வந்தவருக்கு நோவோ விறைப்போ கண்டால், மீண்டும் கடலுக்குள் இறக்கிச் சுகப்படுத்த முயலவேண்டாம். படுக்க வைத்து, ஒட்சிசன் இருப்பின் கொடுத்து, 1990 சுவசெரிய சேவையை அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். "சிலிண்டரில் சுழியோடியவர்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இந்நோய்க்குரிய அழுத்த அறை எங்கே இயங்குகிறது என்பதைத் தொழிற்காலம் தொடங்கும் முன்பே கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

தனியொருவர் "கூட அடிக்க வேண்டாம்" என்றால் நாளைக்கு வேறொருவரை இறக்குவார்கள். கிராமத்துச் சுழியோடிகள் அனைவரும் சேர்ந்து, பொறித்த அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டருடன் இறங்குவதில்லை என்று தீர்மானித்தால் அதனை மீறுவது கடினம். நல்ல அமுக்கமானி ஒன்றைச் சங்கத்துக்கென வாங்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் இலக்கத்தையும் சோதனை ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதலாம். வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிட்ட சமூகத்துக்கு இது புதிய பாடமல்ல. இழந்த நிலம் ஒருநாள் திரும்பக் கிடைக்கும்போது, அதை உழுவதற்கு நடக்கக்கூடிய கால்களுடன் எம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.