எய்டட் பள்ளியில் சேர்க்கலாமா?

பெண்ணாடத்தில் குடியிருக்கிறீர்கள். உங்கள் பெண் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். ஆறாம் வகுப்புக்கு உள்ளூர் அரசுப் பள்ளியா, வேன் அனுப்பும் மெட்ரிக் பள்ளியா, யாரோ சொன்ன ‘எய்டட்’ பள்ளியா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதில்தான் குழப்பம். இப்போது எடுக்கும் முடிவு, அவள் கல்லூரிக்குப் போகும்போது உதவித்தொகையிலும் இட ஒதுக்கீட்டிலும் தெரியவரும் என்பதால், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எய்டட் பள்ளி என்றால் என்ன?

அரசு உதவி பெறும் பள்ளி. கட்டடமும் நிர்வாகமும் ஓர் அறக்கட்டளையுடையதாகவோ திருச்சபையுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கும். பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் அரசுப் பள்ளியில் உள்ளவைதான். தமிழ்நாட்டில் இப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ‘சார்ட்டர் பள்ளி’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதுவும் அரசுப் பணத்தில் வேறொருவர் நடத்தும் இலவசப் பள்ளிதான். 1991-இல் மின்னசோட்டா மாநிலம் அதற்கு முதல் சட்டம் இயற்றியது. அங்கே பள்ளிக்குத் தவணை வைத்து ஒப்பந்தம் போடுவார்கள். சொன்னபடி நடத்தாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நம் ஊரில் அப்படித் தவணை கிடையாது. மானியம் ஆண்டாண்டாகத் தொடரும்.

இது எப்போது வந்த ஏற்பாடு?

1854-இல் வெளியான உட்ஸ் கல்வி அறிக்கைதான் மானிய முறைக்கு அடித்தளம் போட்டது. நம் மாவட்டத்தில் அதற்குப் பத்தாண்டு கழித்து, 1864-இல், ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரிமார்களும் சைவர்களும் வணிகர்களும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளி திறந்த காலம் அது. ஆனால் 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது. ஆகவே, ‘புதிதாக ஆரம்பித்த எய்டட் பள்ளி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கட்டணம் உண்டா?

இங்கேதான் கவனம் வேண்டும். மானியம் பெறும் தமிழ் வழிப் பிரிவில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. பாடநூல், மதிய உணவு, பேருந்துப் பயண அட்டை, பதினோராம் வகுப்பில் மிதிவண்டி எல்லாம் அரசுப் பள்ளியைப் போலவே உண்டு. ஆனால் அதே வளாகத்தில் ‘சுயநிதிப் பிரிவு’ (மானியம் இல்லாமல் பெற்றோர் கட்டணத்தில் நடக்கும் வகுப்புகள்) இருக்கலாம். ஆங்கில வழி பெரும்பாலும் அதில்தான் வரும். சேர்க்கும் அன்றே, “இது மானியம் உள்ள பிரிவா, சுயநிதியா?” என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரே வாசல், ஒரே சீருடை என்பதால் பல பெற்றோர் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆங்கில வழிக்குக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகிவிடும்?

பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரில், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் வந்தது. அதிலும் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்கள் உண்டு. தமிழ் வழி என்பதுதான் நிபந்தனை. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு எடுப்பார்கள்.

உங்கள் பெண் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு விருத்தாசலத்தில் உள்ள அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயப் படிப்பு (டிப்ளமோ) சேர விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பீங்கான் தொழில் அந்த ஊரில் வேரூன்றியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்ப் படிக்க ஏற்ற இடம். பட்டயப் படிப்புக்கும் இந்த 1,000 ரூபாய் உண்டு. மூன்று ஆண்டு என்றால் 36,000 ரூபாய். எய்டட் பள்ளியின் ஆங்கில வழியில் படித்திருந்தால் அது கிடைக்காது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையும் அதே கதைதான். 2020-இல் வந்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும்.

அப்படியானால் அரசுப் பள்ளியும் எய்டட் பள்ளியும் ஒன்றுதானா?

இல்லை. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். எய்டட் பள்ளிப் பிள்ளை எவ்வளவு ஏழையானாலும் அதில் சேர முடியாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கூலி வேலை செய்பவரின் மகள், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்காக எய்டட் பள்ளிக்குப் போனவள், எதில் வசதி கூடியவள்? ஆனாலும் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது. பிள்ளைக்கு டாக்டர் கனவு இருந்தால், ஆறாம் வகுப்பிலேயே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் போதுமான அளவு இருப்பார்களா?

பள்ளிக்குப் பள்ளி மாறும். மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு பணியிடம் கணக்கிடும். பிள்ளைகள் குறைந்தால் ‘உபரி’ என்று பணியிடம் போய்விடும். காலியிடம் நிரம்பத் தாமதமானால் நிர்வாகம் தன் பணத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைக்கும். எனவே, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கட்டடத்தைப் பார்ப்பதைவிட அது முக்கியம்.

சாமி கும்பிடச் சொல்வார்களா?

திருச்சபை நடத்தும் பள்ளி என்றால் இந்தச் சந்தேகம் வரும். அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. 29-ஆவது பிரிவு, சாதி, மதம், மொழி காரணமாக மட்டும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது.

தம்பி தொடக்கப் பள்ளியில் படிக்கிறானே, அவனுக்குக் காலை உணவு உண்டா?

ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. கிராமப்புற எய்டட் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்டிலும் இத்திட்டம் வந்தது. பெண்ணாடம் பேரூராட்சி என்பதால் நகர்ப்புறக் கணக்கில் வரும்.

நன்கொடை கேட்டால்?

கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்கிக்கொண்டு இடம் தருவதைச் சட்டமே தடை செய்கிறது. எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால், தேதியையும் தொகையையும் எழுதி மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். போனில் கேட்க வேண்டுமானால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.